கதவு வழக்குப் போடும் உலகம்: சைபர்பங்கில் சிரிப்பு எங்கே இருக்கிறது?

கையில் சில்லறை இல்லாத ஒருவன் தன் வீட்டுக் கதவைத் திறக்கப் பார்க்கிறான். கதவு ஐந்து சென்ட் கேட்கிறது. நாளைக்குத் தருகிறேன் என்கிறான், கதவு அசையவில்லை. நான் உனக்குத் தருவது சும்மா ஒரு சந்தோசம்தான், தந்தே ஆக வேண்டும் என்றில்லை என்று வாதாடிப் பார்க்கிறான். வீடு வாங்கும்போது கையெழுத்துப் போட்டாயே, அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் படி என்கிறது கதவு. எடுத்துப் படித்தால் கதவு சொன்னதுதான் சரி, திறப்பதற்கும் மூடுவதற்கும் கட்டணம் கட்டாயம் என்று அதில் இருக்கிறது. பார்த்தாயா என்று கதவுக்கு ஒரு மிதப்பு வேறு. அவன் ஒரு கத்தியை எடுத்து வந்து பூட்டின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பிக்கிறான். முதல் ஸ்க்ரூ கீழே விழுந்ததும் கதவு சொல்கிறது, உன் மேல் வழக்குப் போடுவேன். இதுவரைக்கும் எந்தக் கதவும் என் மேல் வழக்குப் போட்டதில்லை, போட்டால் சமாளித்துக்கொள்வேன் என்கிறான் அவன்.

இது பிலிப் கே. டிக் எழுதி 1969இல் வெளிவந்த 'யூபிக்' நாவலில் வரும் காட்சி. அப்போது அறிவியல் புனைகதையில் சைபர்பங்க் என்ற பெயரே கிடையாது. புரூஸ் பெத்கே என்பவர் 1980இல் ஒரு சிறுகதை எழுதி அதற்கு அந்தத் தலைப்பை வைத்தார், அது அச்சில் வந்தது 1983இல். அடுத்த வருடம் கார்ட்னர் டோசோய் என்ற பத்திரிகை ஆசிரியர் ஒரு புதிய எழுத்தாளர் கூட்டத்துக்கே அந்தப் பெயரைச் சூட்ட, அதே 1984இல் வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' வெளிவர, ஒரு வகைமை பிறந்துவிட்டது. ஆனாலும் இந்த வகைமையின் சிரிப்பைப் பற்றிப் பேச எனக்கு அந்தக் கதவை விட நல்ல இடம் தெரியவில்லை, ஏனென்றால் பின்னால் வந்த நல்ல பகிடிகள் முக்கால்வாசி அந்தக் கதவின் உறவுக்காரர்கள்தான்.

சைபர்பங்க் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் வருவது மழை, நியான் விளக்கு, ராத்திரியிலும் கறுப்புக் கண்ணாடி. இதில் பாதி 1982இல் வந்த 'பிளேட் ரன்னர்' படம் கொடுத்த சீதனம். கிப்சன் அந்தப் படத்தைப் பார்க்கப் போய், தான் மூன்றில் ஒரு பங்கு எழுதி வைத்திருக்கும் நாவலின் உலகம் அப்படியே திரையில் ஓடுவதைக் கண்டு பயந்து இருபது நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கணினி வலைக்குள் மனிதன் புகுந்து திரியும் அந்த நாவலை அவர் தட்டியது ஒரு பழைய கைத் தட்டச்சுப்பொறியில், கணினியைப் பற்றி அவருக்கு அப்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டாரோ என்னவோ.

மழை, நியான் எல்லாம் சோடனை. புரூஸ் ஸ்டெர்லிங் என்ற எழுத்தாளர் இந்த வகைமைக்குச் சொன்ன சூத்திரம் உயர்ந்த தொழில்நுட்பமும் தாழ்ந்த வாழ்க்கையும் ஒன்றாகச் சேர்வது என்பது. அது சரிதான், ஆனால் கொஞ்சம் மொட்டையாக இருக்கிறது. என்னைக் கேட்டால் மூன்று விஷயம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அரசாங்கம் இருக்க வேண்டிய இடத்தில் கம்பனி இருக்க வேண்டும். ஆளை விட ஆளைப் பற்றிய பதிவுக்கு மதிப்பு அதிகமாக இருக்க வேண்டும். தொழில்நுட்பம் எல்லார் கைக்கும் வந்துவிட்டாலும் அதன் சாவி மட்டும் யாரோ ஒருவரிடம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் மழை பெய்யாவிட்டாலும் அது சைபர்பங்க்தான், மூன்றும் இல்லையென்றால் எத்தனை நியான் போட்டாலும் அது கல்யாண வீட்டு லைட்டிங்.

இப்போது இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் இருந்து இதைப் படிக்கும் ஆட்களுக்கு ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. கம்பனியே வீடு, கம்பனியே ரோடு, கம்பனியே பிள்ளை மடுவம், கம்பனியே மருந்துக்கொட்டில் என்ற உலகத்தை வெள்ளைக்காரர்கள் எதிர்காலக் கற்பனை என்று எழுதுகிறார்கள், நமக்கு அது தாத்தா காலத்துக் கதை அல்லவா? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து இங்கே வந்த தொழிலாளி கழுத்தில் ஒரு தகர வில்லையைக் கட்டிக்கொண்டு வந்தார். அதில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அடித்திருக்கும். வழிச்செலவு தோட்டக் கணக்கில் ஏறி, அங்கிருந்து கங்காணியின் கடனாகி, கடைசியில் அந்த ஆளின் தலையில் இறங்கும். அப்புறம் துண்டு என்று ஒன்று இருந்தது, இன்ன கங்காணியின் கடனைத் தீர்த்தால் அவனுடைய ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அந்தச் சீட்டு கைமாறினால் லயம் என்ற தோட்ட வரிசை வீடுகளில் இருந்த சனமே கைமாறும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

'நியூரோமான்சர்' கதாநாயகன் கேஸின் நிலைமையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாளியிடம் திருடிய குற்றத்துக்கு அவனுடைய நரம்பு மண்டலத்தை விஷம் கொடுத்துக் கெடுத்துவிடுகிறார்கள், இனி அவனால் கணினி வலைக்குள் இறங்க முடியாது. வேறொரு கூட்டம் வந்து வைத்தியம் பார்த்துச் சரியாக்குகிறது. சரியாக்கும்போதே அவனுடைய இரத்தக் குழாய்களில் மெல்ல மெல்லக் கரையும் விஷப் பைகளையும் வைத்துவிடுகிறது. வேலையை முடித்தால் எடுத்துவிடுவோம். வைத்தியமே கடன், கடனே விலங்கு. முற்பணம் வாங்கிக் கப்பலேறிய சனத்தின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இதில் சிரிப்பு எங்கே?

கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில் இருக்கிறது. நான் சொல்லப்போவது எந்தத் தோட்டம் என்பது முக்கியமில்லை, எல்லாத் தோட்டத்திலும் நடப்பதுதான். மழை நாள். கொழுந்து நிறுக்கிறார்கள். பழைய தொங்கு தராசு போய் மின்னணுத் தராசு வந்துவிட்டது, பச்சை எழுத்தில் 7.85 என்று புள்ளிக்குப் பின்னாலும் இரண்டு இலக்கம் காட்டுகிறது. கணக்கப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழித்து 5 என்று எழுதுகிறார். இப்படி மூன்று தரம் நிறுத்து, கடைசியில் தோட்டம் வைத்திருக்கும் கிலோ கணக்கு வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம்தான். பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் சத்தமே போடவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார். "ஐயா, ரெண்டு கிலோ தண்ணி கழிச்சீங்களே, அதையாச்சும் ஒரு போத்தல்ல ஊத்திக் குடுங்க. லயத்துல பைப்புல தண்ணி வரல."

மடுவமே சிரித்தது, கணக்கப்பிள்ளையும் சிரித்தார். எழுதிய எண்ணை மாற்றவில்லை.

அந்த அக்கா செய்ததும் யூபிக் கதவு செய்வதும் ஒரே வேலை என்பது என் எண்ணம். விதியை எதிர்த்துப் பேசவில்லை. விதியை அதன் வார்த்தைப்படியே எடுத்துக்கொண்டு, அது போகிற வழியிலேயே இன்னும் இரண்டு அடி கூடுதலாக நடந்து காட்டினார். தண்ணீர் என்று கழித்தீர்கள், அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கே? சைபர்பங்கின் சிரிப்பு அநேகமாக எல்லா இடத்திலும் இப்படித்தான் பிறக்கிறது. விதியைப் போட்டவனுக்கு அதைக் கடைசி வரைக்கும் பின்பற்ற வேண்டிய அவசியம் இல்லை, அதற்குள் வாழ்கிறவர்களுக்கு அது மனப்பாடம், அதனால் அதன் ஓட்டை எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இதை நீட்டி விரித்து எழுதியவர் நீல் ஸ்டீபன்சன். 'ஸ்னோ கிராஷ்' 1992இல் வந்தது. (நமது தோட்டங்களின் நிர்வாகத்தை அரசாங்கம் மறுபடியும் தனியார் கம்பனிகளிடம் கொடுத்ததும் அதே 1992இல்தான். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை.) அந்த நாவலில் கதாநாயகனின் பெயரே ஹீரோ புரட்டாகனிஸ்ட், அதாவது கதாநாயகன் கதைநாயகன் என்று பெயர் வைத்த மாதிரி. தொழில் பீட்சா கொண்டுபோய்க் கொடுப்பது. பீட்சாக் கடையை நடத்துவது மாபியா. முப்பது நிமிடத்துக்குள் பீட்சா போய்ச் சேராவிட்டால் மாபியாத் தலைவரே நேரில் போய் மன்னிப்புக் கேட்பார், தலைவரை அப்படி ஒரு நிலைக்குத் தள்ளிய டிரைவரின் கதியை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஸ்டீபன்சன் இதை ஒரு போர்க்கள வர்ணனை மாதிரி, ஒரு சிரிப்புக்கூட இல்லாத முகத்தோடு எழுதுகிறார்.

ஆனால் அந்த நாவலில் எனக்குப் பிடித்த இடம் துப்பாக்கி வரும் இடம் எதுவும் இல்லை. அமெரிக்க அரசாங்கம் சுருங்கி ஒரு சாதாரண அலுவலகம் ஆகிவிட்டது, அதில் ஒரு அம்மா வேலை பார்க்கிறார். ஒருநாள் ஒரு நீண்ட சுற்றறிக்கை வருகிறது, அலுவலகக் கழிவறையில் டாய்லட் பேப்பருக்கு ஊழியர்கள் கூட்டாகக் காசு சேர்ப்பது பற்றி. பக்கம் பக்கமாக விதிகள். அதைப் படிக்க ஆகவேண்டிய நேரம் 15.62 நிமிடம் என்று அதிலேயே போட்டிருக்கிறது, யார் எவ்வளவு நேரம் படித்தார்கள் என்பதைக் கணினி குறித்துக்கொள்கிறது. பத்து நிமிடத்துக்குள் முடித்தால் கூப்பிட்டு விசாரணை. பதினெட்டைத் தாண்டினால் கமராப் பதிவை எடுத்து இந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்க்க வேண்டும். இதில் உச்சம் என்னவென்றால், சரியாக 15.62 நிமிடத்தில் படித்து முடிக்கிறவரும் சந்தேகத்துக்குரியவர்தான், அதிகப்பிரசங்கி, புத்தி சொல்லித் திருத்த வேண்டியவர். இதெல்லாம் அந்த அம்மாவுக்கு மனப்பாடம். பதினான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, இடையிடையே பின்னால் போய்ப் படிப்பது போலவும் காட்டி, நேர்த்தியாக முடிக்கிறார்.

நாவலின் பகிடி அந்த விதி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்த அம்மாவின் நேர்த்திதான் பகிடி. தராசுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது, அதை மட்டும் அளந்து கொடுக்கிறார், மீதியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறார்.

டெரி கில்லியத்தின் 'பிரேசில்' (1985) படத்தைச் சிலர் சைபர்பங்க் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதில் கணினி வலை இல்லை, ஏதோ குழாயும் காகிதமுமாக இருக்கிறது. எனக்கு அது ஒரே குடும்பம். ஒரு பூச்சி செத்து அச்சுப்பொறிக்குள் விழுகிறது, அதனால் டட்டில் என்ற பெயர் பட்டில் என்று அச்சாகிறது, ஒரு பாவமும் அறியாத பட்டிலை வீடு புகுந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள். போகும்போது அவருடைய மனைவியிடம் புருசனை எடுத்துக்கொண்டதற்கு முறைப்படி ரசீது கொடுக்கிறார்கள். பிறகு விசாரணையில் அவர் செத்துப்போக, விசாரணைச் செலவுக்கென்று அவர் கணக்கில் கூடுதலாகப் பிடித்த காசை விதவையிடம் திருப்பிக் கொடுக்கக் காசோலையோடு ஒரு அதிகாரி வருகிறார். கணக்கு சரியாக இருக்க வேண்டுமே!

ஊழியர் சேமலாப நிதி எடுக்கப் போய் அலைந்தவர்களுக்கு இந்தப் படத்தை ஒருமுறை போட்டுக் காட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழில் முத்தாயி, செக்ரோல் என்ற தோட்டத்து ஆள் பதிவேட்டில் முத்தம்மா, அடையாள அட்டையில் எழுதியவர் காதில் விழுந்தது எதுவோ அது. முப்பது வருடம் கொழுந்து பறித்த ஆள் நேரில் நிற்கிறார், ஆனால் காசு முத்தம்மாவுக்குத்தான் வந்திருக்கிறது, முத்தாயிக்குக் கொடுக்க முடியாது. இருவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வா என்பார்கள். நான்தான் நான் என்று சத்தியம் பண்ணுவதற்கும் காசு கட்ட வேண்டும். இங்கே பூச்சி விழுந்தது அச்சுப்பொறிக்குள் அல்ல, யாரோ ஒரு கிளார்க்கரின் காதுக்குள்.

'ரோபோகாப்' (1987) பற்றியும் இதே பார்வையில் ஒரு வார்த்தை. பொலிஸ்காரனின் உடலைக் கம்பனி இயந்திரமாக்கி விற்கிறது, கம்பனியின் பெரிய அதிகாரி எவரையும் அவன் கைது செய்ய முடியாதபடி மூளைக்குள் ஒரு இரகசிய விதியையும் எழுதி வைக்கிறது. கடைசியில் கொலைகார அதிகாரி கம்பனித் தலைவரின் தலையில் துப்பாக்கி வைத்து நிற்க, ரோபோகாப் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாகிறது. அப்போது தலைவர், உன்னை வேலையை விட்டு நீக்கிவிட்டேன் என்று அந்த அதிகாரியைப் பார்த்துக் கத்துகிறார். அவ்வளவுதான், இனி அவன் கம்பனி ஆள் இல்லை. ரோபோகாப் நன்றி சொல்லிவிட்டுச் சுடுகிறான். தியேட்டரில் கைதட்டுகிற இடம் அது, ஆனால் கவனியுங்கள், நியாயம் ஜெயிக்கவில்லை, செக்ரோலில் இருந்து ஒரு பெயரை வெட்டியதுதான் ஜெயித்தது.

'நியூரோமான்சர்' இறுகிய முகம் கொண்ட புத்தகம், அதில் சிரிப்பே இல்லை என்று அடிக்கடி சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செத்துப்போன ஒரு பழைய கணினித் திருடனின் மனதைப் பதிந்து ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார்கள், கேஸ் அவனை உதவிக்கு எழுப்புகிறான். உனக்கு என்ன தொந்தரவு என்று கேட்டால், எதுவுமே எனக்குத் தொந்தரவாக இல்லை, அதுதான் தொந்தரவு என்கிறான். உதவிக்குக் கூலியாக அவன் கேட்பது ஒன்றே ஒன்று, வேலை முடிந்ததும் என்னை அழித்துவிடு. கதை முழுக்க நல்ல பகிடி விடுகிறவன் அவன்தான், செத்தவனிடம் எடுத்துக்கொள்ளக் கம்பனிக்கு இனி என்ன இருக்கிறது? ரூடி ரக்கரின் 'சாஃப்ட்வேர்' (1982) இதையே இன்னும் கோமாளித்தனமாகச் செய்கிறது. அதில் ஒரு கிழட்டு விஞ்ஞானியின் மனதைக் குளிர் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக ஐஸ்கிரீம் வண்டிக்குள் வைத்து ஓட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

தமிழில் என்று கேட்டால் சுஜாதாவின் ஜீனோ ஞாபகம் வராமல் இருக்காது. 'என் இனிய இயந்திரா' 80களில் விகடனில் தொடராக வந்தது, பெயரைச் சுருக்கி, ஆளுக்கு எண் கொடுத்து, பிள்ளை பெறவும் அனுமதி வாங்க வேண்டிய ஒரு நாடு, அதில் புத்தகம் படிக்கும் ஒரு ரோபோ நாய். எனக்கு அந்த நாயைப் பிடிக்கும். ஆனால் அது அளவுக்கு மீறிய புத்திசாலி, பகிடி முழுவதையும் அதுவே விட்டுவிடுகிறது, மனிதர்களுக்கு மிச்சம் வைப்பதில்லை. அனுமதி வாங்க வரிசையில் நிற்கிறவர்கள் தங்களுக்குள் என்ன பேசிச் சிரித்தார்கள் என்று அந்தக் கதையில் எனக்குக் கேட்கவில்லை.

வகைமையைப் பார்த்துச் சிரிப்பது வேறு, அதற்குத் தனிக் கணக்கு. பெயர் வைத்த பெத்கேயே 1995இல் 'ஹெட்கிராஷ்' என்று எழுதி இந்த மேனாமினுக்கிகளை எல்லாம் ஒரு பிடி பிடித்தார். அதற்கு முன் 1993இல் பில்லி ஐடல் என்ற ராக் பாடகர் 'சைபர்பங்க்' என்றே ஒரு இசைத்தட்டுப் போட்டு எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் இவர்கள் எல்லாரையும் விட நன்றாகச் சிரிக்க வைத்தது அமெரிக்காவின் சீக்ரட் சர்வீஸ். 1990 மார்ச் 1ஆம் திகதி டெக்சாஸில் ஒரு விளையாட்டுக் கம்பனிக்குள் புகுந்து, சைபர்பங்க் உலகத்தை வைத்து மேசையில் பகடை உருட்டி விளையாடும் ஒரு விளையாட்டின் விதிப் புத்தகத்தை, அது கணினிக் குற்றத்துக்கான கையேடு என்று சொல்லி அள்ளிக்கொண்டு போனார்கள். வழக்கு நடந்து, 1993இல் 50,000 டொலர் நட்டஈடு கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் சீக்ரட் சர்வீஸுக்கு உத்தரவிட்டது. கற்பனை விதிப் புத்தகத்தை நிஜ விதி என்று நம்பிய அதிகாரிகள்! எந்த நாவலாசிரியர் இதை எழுதியிருந்தாலும் கொஞ்சம் ஓவர் என்று சொல்லியிருப்போம்.

இந்த வகைமையில் சலிப்புத் தட்டும் சிரிப்பும் உண்டு. சண்டைக்கு நடுவில் கதாநாயகன் வில்லனைச் சுட்டுவிட்டு விடும் ஒற்றை வரி வசனங்கள் அந்த ரகம். அவன் கையில் துப்பாக்கி இருக்கிறது, அப்புறம் எதற்குப் பகிடி? 2020இல் வந்த 'சைபர்பங்க் 2077' வீடியோ விளையாட்டில் பாதி வசனம் இப்படித்தான். ஆனால் அதே விளையாட்டில் தெருவோரத்தில் ஒரு குளிர்பான இயந்திரம் இருக்கிறது, வருகிற போகிறவர்களின் சுகதுக்கம் விசாரித்து, ஏரியாவுக்கே நண்பனாகி விடுகிறது. அன்பாகப் பேசி அது கடைசியில் செய்வது சோடா விற்பது. இது நம்ம யூபிக் கதவின் தங்கச்சி.

2022இல் இங்கே பெட்ரோல் தட்டுப்பாடாகி, அளந்து கொடுக்க கியூஆர் அட்டை வந்தபோது வாரத்துக்கு ஆட்டோவுக்கு 5 லீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீட்டர் என்று ஆரம்பித்தார்கள். ஹட்டன் பக்கம் வரிசையில் நின்ற ஆட்டோக்காரத் தம்பி ஒருவர் ஃபோனைத் தூக்கிக் காட்டிச் சொன்னது, "அண்ணே, ஃபோன்ல அஞ்சு லீட்டர் ஃபுல்லா இருக்கு, டாங்க்தான் காலி. ஃபோன ஓட்டிட்டுப் போயிரவா?" வகைமை என்ன என்று அவரிடம் கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு, நான் 'நியூரோமான்சர்' என்று சொல்ல மாட்டேன். அதன் மொழி முரடு, முதல் ஐம்பது பக்கத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே பிடிபடாது. 'யூபிக்' சின்னப் புத்தகம், அதில் தொடங்குங்கள். அப்புறம் 'பிரேசில்' படம், அதற்குப் பிறகு 'ஸ்னோ கிராஷ்'. அதில் நடுவில் சுமேரிய நாகரிகம் பற்றி ஒரு நூலகக் கணினி பாடம் நடத்த ஆரம்பிக்கும், நன்றாக நீளும். அதைத் தாண்டிப் போனால் கதைக்கு மோசம் வராது, டாய்லட் பேப்பர் சுற்றறிக்கையை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.